குட்டி விமான எஞ்சினுக்கு எரிபொருள்: கலப்பதைவிடக் காப்பது பெரிது

கேள்வி:

கோவையில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து மாதிரி விமானங்களின் மேல் ஆசை பிடித்துக்கொண்டது. மாமா தன் இளமையில் வாங்கி வைத்திருந்த 40 சைஸ் க்ளோ எஞ்சினை என்னிடம் கொடுத்துவிட்டார். இரும்புப் பிஸ்டன் வைத்த பழைய எஞ்சின். கையால் சுற்றினால் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் எரிபொருளின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. மெத்தனாலையும் விளக்கெண்ணெயையும் வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் சந்தேகங்கள் இவை:

1. எந்த அளவில் கலக்க வேண்டும்?
2. மளிகைக்கடை விளக்கெண்ணெய் போதுமா? அதற்குப் பதில் ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி ஆயிலைச் சேர்க்கலாமா?
3. நைட்ரோமெத்தேன் அவசியமா?
4. கலந்ததை எதில் வைப்பது? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? மாமாவிடம் பாதி காலியான பழைய கேன் ஒன்றும் இருக்கிறது. உள்ளே இருப்பது கலங்கலாகத் தெரிகிறது. அதைப் பயன்படுத்தலாமா?

- ஒரு வாசகர், கோவை

பதில்:

தம்பி, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் போதும் என்று உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. தன் எஃப்2ஏ வேகப் போட்டிக்கு விதித்த எரிபொருளே 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய்தான். கலக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எஞ்சின் பிழைப்பதும் கெடுவதும், உங்கள் கண்ணும் உயிரும் பத்திரமாக இருப்பதும், அந்தத் திரவத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. அதனால் ‘வீட்டிலேயே’ என்றதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வேண்டாம்

தமிழ்நாட்டில் மெத்தனால் நினைத்தவர் நினைத்தபடி வாங்கக்கூடிய சரக்கு அல்ல. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-இல் வகுத்த விதிகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். இந்தக் கெடுபிடிக்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதே திரவத்தைத்தான் நீங்கள் கேனில் வைத்துக்கொள்ள நினைக்கிறீர்கள்.

ஆகவே தெரிந்தவர் மூலமாகவோ, ரசீது தராத கடையிலோ மெத்தனால் வாங்காதீர்கள். கல்லூரி ஆய்வகத்துக்கு உரிமம் இருக்கலாம், ஆனால் அது ஆய்வக வேலைக்குக் கொடுத்தது. முறையான உரிமத்தோடு மெத்தனால் வாங்கி, அனுபவமுள்ளவர்கள் முன்னிலையில் கலக்கும் விமான மாதிரிச் சங்கம் ஒன்றில் சேருங்கள். உங்கள் என்.சி.சி. பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி தருபவரிடம் கேட்டால் வழி தெரியும். கீழே சொல்பவை எல்லாம் அப்படி ஒரு சங்கத்தின் திடலில், நீங்களும் கூட நின்று கலக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை.

மெத்தனால்தான் ஏன்?

உங்கள் எஞ்சினில் பொறி பறக்கும் ஸ்பார்க் பிளக் கிடையாது. இருப்பது க்ளோ பிளக். அதற்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய சுருள் கம்பி இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்க வைக்கிறோம். ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிட்டாலும் கம்பி அணையாது. எரிதலின் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரியும்போது எழும் சூடும் சேர்ந்து அதைத் தணலாகவே வைத்திருக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-இல் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேட்டரி, காயில் எல்லாவற்றையும் சுமந்து பறந்த குட்டி விமானங்கள் எடை குறைந்தன.

பெட்ரோலோ தின்னரோ இந்த வேலையைச் செய்யாது. கடையில் ‘ஸ்பிரிட்’ என்று கொடுப்பதும் உதவாது. எத்தனாலைக் காய்ச்சி வடித்த ஸ்பிரிட்டில் ஏறத்தாழ 5 சதவீதம் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரே போதும், எஞ்சின் தகராறு செய்ய.

எந்த அளவு?

உங்களுடையது இரும்புப் பிஸ்டன் வைத்த பழைய எஞ்சின் என்பதால் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. முதல் சில ஓட்டங்களுக்கு மெத்தனால் 75-க்கு விளக்கெண்ணெய் 25. எஞ்சின் படிந்த பிறகு 80-க்கு 20. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். எண்ணெயைக் குறைத்தால் வேகம் கொஞ்சம் கூடுவதாகத் தோன்றும். ஆனால் எஞ்சினின் உராய்வைக் குறைப்பதோடு, சூட்டை வெளியே சுமந்து செல்லும் வேலையும் அந்த எண்ணெயுடையதுதான்.

இந்த விகிதங்கள் கன அளவைச் சொல்பவை, எடையை அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மெத்தனால் லிட்டருக்கு ஏறத்தாழ 790 கிராம், விளக்கெண்ணெய் ஏறத்தாழ 960 கிராம். 80 கிராமுக்கு 20 கிராம் என்று தராசில் நிறுத்தால், கன அளவில் எண்ணெய் 17 சதவீதமாகக் குறைந்துவிடும். மூன்று சதவீதம்தானே என்று விடக்கூடாது. சூடேறி ஓடும் இரும்புப் பிஸ்டனுக்கு அது பெரிய குறை.

அதற்காகத் தராசே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விளக்கெண்ணெயை அளவுக் குடுவையில் ஊற்றினால் பாதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்து வைத்தாலும் இறங்காது. கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு எடையில் அளப்பதே சுத்தம். ஒரு லிட்டர் 80:20 கலவைக்கு மெத்தனால் 632 கிராம், விளக்கெண்ணெய் 192 கிராம். 75:25 என்றால் மெத்தனால் 592 கிராம், விளக்கெண்ணெய் 240 கிராம். இந்த எண்களைக் கேனின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்த எண்ணெய்?

2டி ஆயிலை மறந்துவிடுங்கள். அது பெட்ரோலில் கரையும்படி செய்த எண்ணெய். மெத்தனாலில் கரையாமல் தனியே பிரிந்து நிற்கும். டேங்கின் குழாய் வெறும் மெத்தனாலை உறிஞ்ச, எஞ்சின் எண்ணெயே இல்லாமல் ஓடிச் சில நிமிடங்களில் இறுகிப்போகும்.

விளக்கெண்ணெய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. நாம் அன்றாடம் புழங்கும் சமையல் எண்ணெய்கள் எதுவும் ஆல்கஹாலில் இப்படி முழுதாகக் கரையாது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம்தான் காரணம். இன்னொரு குணம், கடும் சூட்டிலும் அது உலோகத்தை விட்டு விலகாது. எஞ்சினுக்குள் போகும் காற்றில் எரிபொருளின் பங்கு குறைந்து அது எக்கச்சக்கமாகச் சூடாகும்போது சில செயற்கை எண்ணெய்கள் எரிந்து மறைந்துவிடும். விளக்கெண்ணெய் கெட்டிப்பட்டாவது ஒரு படலமாக நின்று காக்கும். ஆமணக்கு விளைச்சலில் உலகத்திலேயே முதலிடம் இந்தியாவுக்கு. அதில் பெரும்பங்கு குஜராத்துடையது. நம் சேலம், நாமக்கல் பக்கமும் விளைகிறது. ஆக நல்ல எண்ணெய் கிடைப்பதில் நமக்குக் குறையில்லை.

ஆனால் எந்தப் புட்டியைக் கையில் எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பூஜைக்கென்று விற்கும் தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை. அது வேண்டாம். ஆமணக்கு விதையை இடித்து, தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி எடுக்கும் நாட்டு விளக்கெண்ணெய் வயிற்றுக்கு நல்ல மருந்து. ஆனால் அதில் ஈரமும் பிசினும் தங்கியிருக்கும், எஞ்சினுக்கு ஆகாது. பிசின் நீக்கி, வடிகட்டி, வெளிறிய மஞ்சளாக இருக்கும் மருந்துத் தர எண்ணெயைக் கேளுங்கள். மொத்த வியாபாரிகள் பி.பி. கிரேடு என்பார்கள்.

வாங்கியதைச் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். சிறிய கண்ணாடிப் புட்டியில் ஒரு பங்கு எண்ணெயும் நான்கு பங்கு மெத்தனாலும் விட்டுக் குலுக்கி, இரவு முழுதும் அசையாமல் வைத்துவிடுங்கள். காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடி முதல் நுனி வரை ஒரே தெளிவாக இருக்க வேண்டும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் கலங்கும், அல்லது அடியில் ஒரு தனி அடுக்காகப் படியும். அந்த எண்ணெயைத் தொட வேண்டாம்.

நைட்ரோமெத்தேன் வேண்டுமா?

வேண்டாம். ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராம். நைட்ரோமெத்தேனுக்கு 1.7 கிராம் போதும், ஏனென்றால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியை அது தன்னோடே கொண்டுவருகிறது. அதனால் அதே காற்றில் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், வலு ஏறும், ஐடிலிங்கும் சீராகும். பந்தயத்துக்கு அது உதவும். உங்கள் மாமாவின் எஞ்சின் சும்மா வட்டமடித்துப் பறக்க அது எதற்கு? எரிந்த பின் அது விட்டுப்போகும் அமிலத்தன்மை பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். வெளிச்சம் பட்டால் தானும் கெடும். அதைத் தனியே வாங்கி வைத்திருப்பது வேறு வகை ஆபத்தும் சட்டச் சிக்கலும். எஃப்2ஏ போட்டியாளர்களே அது இல்லாமல்தான் பறக்கிறார்கள்.

கலக்கும்போது

மெத்தனாலின் தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ். கோவையின் குளிர்ந்த மார்கழி விடியலில்கூட மூடியைத் திறந்த மாத்திரத்தில் பற்றத் தயாராக ஆவி நிற்கும். எனவே கலப்பது திறந்த வெளியில், நிழலில். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட், ஓடும் வண்டி, சிவந்த க்ளோ பிளக் எதுவும் இருக்கக் கூடாது. மழை நாளிலும் பனி இறங்கும் அதிகாலையிலும் கலக்க வேண்டாம். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

பாத்திரத்தில் மெத்தனாலை முதலில் விடுங்கள், எண்ணெயைப் பிறகு. மெதுவாக, ஒரு கேனின் வாய் மற்றதைத் தொட்டபடி ஊற்றினால் நிலைமின்சாரம் சேர்வது குறையும். விளக்கெண்ணெய் நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். மூடியை இறுக்கி, கேனைச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள். வெளிச்சத்தில் கோடுகோடாகச் சுருண்டு நெளிவது தெரியும். அந்த நெளிவு முழுக்க மறைந்தால் கலந்துவிட்டது என்று பொருள். நுண்ணிய வடிகட்டியில் வடித்த பிறகே சிறு கேன்களில் நிரப்ப வேண்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும். மெல்லிய நைட்ரில் கையுறை சற்று நேரம்தான் தாங்கும், நனைந்தால் உடனே மாற்றுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டம் ஒன்றே காப்பு. கேனில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இறக்குகிற வழக்கம் நம் ஊர் வண்டிக்கடைகளில் சகஜம். அதை இங்கே ஒருதடவைகூடச் செய்யாதீர்கள். கை பம்பு மலிவாகக் கிடைக்கிறது.

வைத்திருக்கும் விதம்

உங்கள் எஞ்சின் ஒரு பத்து நிமிடப் பறப்புக்கு ஏறத்தாழ 300 மில்லி குடிக்கும். ஒரு லிட்டர் என்றால் மூன்று பறப்பு. எனவே அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பதே நல்லது. இருபது லிட்டர் கேனை நிறைத்து வைத்திருப்பது ஆபத்தையும் வளர்க்கும், தரத்தையும் கெடுக்கும்.

எரிபொருள் கெடுவது பெரும்பாலும் பாதி காலியான கேனில்தான். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, சரியாக மூடாத வாய் வழியாக மெத்தனால் ஆவியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இரவு குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். தினம் தினம் இப்படி நடந்தால் மெத்தனால் குறையும், எண்ணெயின் பங்கு ஏறும், தண்ணீர் சேரும். எரிபொருள் வரத்தைத் திருத்தும் நீடில் வால்வுக்கு நேற்று வைத்த அளவு இன்று பொருந்தாததற்கு இது ஒரு காரணம். ஆகவே அரை லிட்டர், ஒரு லிட்டர் கேன்களில் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். வெப்பத்தில் விரிய விரற்கடை இடம் போதும். ஒன்றைத் திறந்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். இறுக மூடி, இருட்டில், குளிர்ச்சியாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

கேன் எதுவாக இருக்கலாம்? ரசாயனங்களுக்கென்றே செய்த கெட்டியான எச்.டி.பி.ஈ. கேன், அல்லது உள்பூச்சு உள்ள இரும்புத் தகர டின். அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகரமும் வேண்டாம். ஈரம் சேர்ந்த மெத்தனால் அவற்றை அரிக்கும். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதிலும் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. கலவை இளமஞ்சளாக, தெளிவாக, குடிக்கிற பானமாகவே தோற்றம் தரும். தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு கேனிலும் ‘விஷம் - மெத்தனால் - குடிக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி, மண்டையோட்டுக் குறி போட்டு, விகிதத்தையும் கலந்த தேதியையும் குறியுங்கள். வைக்கும் இடம் பூட்டுள்ள, காற்றோட்டமான, வீட்டோடு ஒட்டாத அறை. ரயிலிலும் பேருந்திலும் விமானத்திலும் எடுத்துப் போகக் கூடாது.

மாமாவின் பழைய கேன்

எஞ்சினில் ஊற்ற வேண்டாம். கலங்கல் என்றால் ஏறக்குறைய நிச்சயமாகத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மெத்தனாலில் தண்ணீர் கூடக்கூட விளக்கெண்ணெய் கரையும் திறன் குறைந்து, எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிகிறது. சாக்கடையில் கொட்டாதீர்கள். தரையிலும் ஊற்றாதீர்கள். கல்லூரி வேதியியல் துறையில் ரசாயனக் கழிவை முறையாக அகற்றும் ஏற்பாடு இருக்கும். ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்படைக்க வழி கேளுங்கள்.

தீயும் விஷமும்

மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ கண்ணுக்கே தெரியாது. புகையும் இல்லை. சிந்தியது எரிகிறது என்பதைத் தரைக்கு மேல் காற்று நடுங்குவதையும் முகத்தில் படும் சூட்டையும் வைத்துத்தான் அறிய முடியும். ஸ்டார்ட் செய்யும் இடத்திலிருந்து கேனை மூடித் தள்ளி வையுங்கள். பக்கத்தில் தீயணைப்பு உருளையும் இரண்டு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். கொஞ்சம் தெளித்தால் போதாது, நீர்த்த மெத்தனாலும் எரியும்.

விஷம் இதைவிட மௌனமானது. உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லிகூடப் பார்வையைப் பறிக்கக்கூடும், 30 மில்லி உயிரையே எடுக்கக்கூடும். அறிகுறிகள் 12 முதல் 24 மணி நேரம் கழித்தும் வரலாம். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார், நாமும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவோம். யாராவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் ‘மெத்தனால்’ என்ற பெயரைச் சொல்லுங்கள். இதற்கு நச்சுமுறி மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால் கண்ணும் உயிரும் தப்பக்கூடும். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் விடாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பறந்த பிறகு

டேங்கில் மிச்சத்தை விட்டுவைக்காதீர்கள். கடைசிப் பறப்பு முடிந்ததும் குழாயைக் கழற்றி, எஞ்சினுக்குள் இருப்பது எரிந்து தீரும் வரை ஓட விடுங்கள். பிறகு பேரிங்குக்குப் போகும்படி சில சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள். உள்ளே தங்கும் மெத்தனால் இழுக்கும் ஈரம்தான் துருவுக்கு விதை. விளக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகி எஞ்சினை இறுக்கினால் பலவந்தமாகச் சுற்றாதீர்கள். லேசாகச் சூடுகாட்டினால் இளகிவிடும்.

கடைசியாகச் செலவைப் பற்றி. உரிமம், நல்ல மெத்தனால், மருந்துத் தர எண்ணெய், கேன் எல்லாவற்றையும் கூட்டினால், தனியாளாக நீங்கள் மிச்சம் பிடிப்பது நினைத்த அளவு இருக்காது. சங்கமாகச் சேர்ந்து வாங்கிக் கலந்தால் கட்டாயம் குறையும். அதைவிடப் பெரிய லாபம், எஞ்சினுக்குள் போவது எது, எத்தனை பங்கு, என்றைக்குக் கலந்தது என்பது உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். எஞ்சின் முரண்டு பிடித்தால் எரிபொருளைச் சந்தேகிக்காமல் நேராக நீடிலையும் பிளக்கையும் பார்க்கலாம். இந்த வாரமே சங்கத்தைத் தேடிப் போங்கள். அவர்கள் கலந்து வைத்திருப்பதில் ஒரு லிட்டரை, விகிதம் கேட்டுப் பணம் கொடுத்து, அவர்கள் திடலிலேயே பயன்படுத்துங்கள். நீடிலைத் தாராளமாகத் திறந்து, வெள்ளைப் புகை நன்றாக வரும்படி முதல் டேங்கை ஓட்டுங்கள். மாமாவையும் கூட்டிப் போங்கள். அந்த எஞ்சினின் பழக்கவழக்கம் அவருக்குத் தெரியும்.